இடாப்பின் கடைசிப் பெயர்: வரைபுகள் வளரக் கற்றுக்கொண்ட கதை



இது நீளமான பதிவு. வேலைக்கு இடையில் வேண்டாம், ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

எங்கள் ஊரில் இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு வரைபைக் காட்டுகிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தவணைப் புள்ளிகளின் வரைபு. பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் சந்தா வரவின் வரைபு. ஸகாத் குழுவில் உதவி பெற்ற குடும்பங்களின் வரைபு. முன்பெல்லாம் செயலாளர் கொப்பியைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒரு பெயர் விடுபட்டால் பின்வரிசையிலிருந்து யாராவது எழும்பிச் சொல்வார்கள். வரைபில் பெயர்கள் இல்லை. அதில் ஒருவர் விடுபட்டால் எழும்பிச் சொல்ல ஆளில்லை.

விடுபடுவது எப்படி என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். தரம் 9இல் 40 பிள்ளைகள். முதலாம் தவணையில் ஆசிரியர் எக்செல்லில் பெயர்களையும் புள்ளிகளையும் 2ஆம் நிரையிலிருந்து 41ஆம் நிரை வரை அடித்து, அதை வைத்து ஒரு வரைபு போடுகிறார். இரண்டாம் தவணையில் மூன்று பிள்ளைகள் புதிதாக வந்து சேர்கிறார்கள். இடாப்பில் எழுதுவதுபோலவே அவர்களின் பெயர்களும் கடைசியில், 42, 43, 44ஆம் நிரைகளில் எழுதப்படுகின்றன. பழைய புள்ளிகளின் இடத்தில் புதிய புள்ளிகளை அடித்ததும் வரைபு தானாக மாறுகிறது. எல்லாம் சரிபோலத் தெரிகிறது. ஆனால் அட்டவணையில் 43 பிள்ளைகள், வரைபில் 40 பேர். கணினி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. 2 முதல் 41 வரை என்று அதற்குச் சொல்லப்பட்டது. அது சொன்னபடி செய்கிறது.

வருட நடுவில் வருகிற பிள்ளை யார்? வாப்பாவின் இடமாற்றத்தோடு வந்தவர். குடும்பப் பிரச்சினையால் உம்மம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர். இடம்பெயர்ந்து வந்தவர். கூடுதல் கவனம் தேவைப்படுகிற பிள்ளைதான் பல நேரம் அந்தக் கடைசி நிரையில் இருக்கிறது.

பட்டியல் வளர வளர வரைபும் கூடவே வளரும்படி செய்ய ஒரு வழி இருக்கிறது. "பெயரிட்ட இயங்கு வீச்சு" என்று அதைச் சொல்லலாம். செய்முறையைக் கீழே விளக்குகிறேன். அது ஏன் தேவைப்பட்டது என்பது 200 வருடங்களுக்கு மேற்பட்ட கதை. அந்தக் கதை தெரிந்தால் செய்முறை தானாகவே விளங்கிவிடும்.

*செப்புத் தகட்டில் வெட்டிய கோடு*

எண்களைக் கோடுகளாக வரைந்து காட்டலாம் என்று ஒரு நூல் முழுவதும் செய்துகாட்டியவர் ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேபெயர். பிறந்தது 1759இல். நீராவி இயந்திரத்தால் பேர்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் வரைபடக்காரராக வேலை செய்தவர். 1786இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதி, அரச கடன் ஆகியவற்றைக் காட்டும் ஒரு வரைபு நூலை வெளியிட்டார். அதில் 44 வரைபுகள். 43 வரைபுகள் வருடங்கள் செல்லச் செல்ல ஏறி இறங்கும் கோடுகள். எஞ்சிய ஒன்று சலாகை வரைபு, ஸ்கொட்லாந்தின் வர்த்தகத்தைக் காட்டுவது.

அந்த ஒன்று மட்டும் ஏன் சலாகையாக இருந்தது? ஸ்கொட்லாந்துக்கு அவரிடம் ஒரே ஒரு வருடத்தின் கணக்குத்தான் இருந்தது. ஒரு புள்ளியை வைத்துக் கோடு இழுக்க முடியாது. ஆகவே நாட்டுக்கு நாடு சலாகைகளை அடுக்கினார். இன்று தரம் 6 பிள்ளையும் வரைகிற சலாகை வரைபு, தரவு போதாமல் போன ஓர் இடத்தில் பிறந்தது.

அந்த வரைபுகள் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிடப்பட்டவை. கோடு எந்த வருடத்தில் நின்றதோ அந்த வருடத்திலேயே நின்றுவிடும். அடுத்த வருடத்தின் கணக்கு வந்தால் தகட்டில் மறுபடியும் வேலை செய்ய வேண்டும். அதன் மூன்றாம் பதிப்பு 1801இல் வந்தது. 18ஆம் நூற்றாண்டு முழுவதையும் காட்டுகிறது என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்டு வந்தது. பதினைந்து வருடங்களுக்குப் பிறகு அந்தக் கோடுகள் நீண்டதற்கு ஒரு முழுப் பதிப்பு தேவைப்பட்டது. ஆனால் ஒரு நன்மையும் இருந்தது. வரைபு எங்கே முடிகிறது என்பது வாசிப்பவருக்கு வெளிப்படையாகத் தெரிந்தது. நூலின் முகப்பில் வருடம் அச்சாகியிருந்தது. பழைய வரைபை யாரும் புதிய வரைபு என்று நினைக்க முடியாது.

*கரும்பலகையும் டஸ்டரும்*

அங்கிருந்து 1978க்கு வருவோம். கணக்காளர்கள் இரண்டு பக்கங்களுக்கு விரித்து எழுதும் பெரிய கணக்குத்தாளுக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர்தான் பின்னர் கணினிக்கும் வந்தது. நாங்கள் அதை விரிதாள் என்கிறோம். அமெரிக்காவின் ஹாவர்ட் வணிகக் கல்லூரியில் டான் பிரிக்லின் என்ற மாணவர் வகுப்பில் இருக்கிறார். பேராசிரியர் கரும்பலகையில் நிரைகளும் நிரல்களுமாக ஒரு கணக்கை எழுதியிருக்கிறார். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். டஸ்டரும் கையுமாக நிற்பது எவ்வளவு பாடு என்பது ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறுகிற கரும்பலகை ஒன்று இருந்தால் என்ன என்று பிரிக்லின் யோசித்தார்.

அவருடைய நண்பர் பொப் பிராங்ஸ்டன் அதற்கான நிரலாக்கத்தைச் செய்தார். 1979இல் அப்பிள் 2 கணினிக்கு "விசிகல்க்" வெளிவந்தது. 63 நிரல்கள், 254 நிரைகள். நிரலுக்கு எழுத்து, நிரைக்கு எண். இன்று பிள்ளைகள் ஐ.சி.டி. பாடத்தில் படிக்கும் கல முகவரியின் வடிவம் அங்கேயே வந்துவிட்டது.

"வீச்சு" என்பதும் அங்கே இருந்தது. பத்துக் கலங்களைக் கூட்ட வேண்டுமானால் பத்து முகவரிகளையும் எழுதத் தேவையில்லை. முதற் கலத்தையும் கடைசிக் கலத்தையும் எழுதி, இடையில் புள்ளிகள் வைத்தால் போதும். இன்று அந்த இடத்தில் முக்காற்புள்ளி போடுகிறோம். எவ்வளவு இலகு! ஆனால் இந்த இலகுவுக்குள்தான் எங்கள் பிரச்சினையின் விதை இருக்கிறது. வீச்சு என்று எழுதும்போது ஒரு தொடக்கத்தையும் ஒரு முடிவையும் கொடுத்துவிடுகிறோம். அந்த முடிவு, அன்றைக்குப் பட்டியல் எங்கே முடிந்ததோ அந்த இடம். நாளைக்குப் பட்டியல் வளரும் என்பதை அதில் சொல்ல இடமில்லை.

கரும்பலகையில் எழுதும் ஆசிரியருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. கீழே ஒரு பெயர் கூடினால் அவர் கண்ணால் பார்த்துக் கூட்டுவார். கரும்பலகையின் பாட்டைத் தீர்த்த கருவி, கரும்பலகையில் இல்லாத ஒரு பிழையையும் கூடவே கொண்டு வந்தது.

*ஒன்று, இரண்டு, மூன்று*

விசிகல்க் வரைபு போடாது. அதற்குத் துணையாக வேறொரு மென்பொருள் வந்தது. அதை எழுதியவர் மிச் கபோர். அவர் பின்பு தனியே லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ஜொனதன் சாக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1983 ஜனவரியில் "லோட்டஸ் 1-2-3" மென்பொருளை வெளியிட்டார். ஒன்று விரிதாள், இரண்டு வரைபு, மூன்று தரவுத்தளம். மூன்றும் ஒரே இடத்தில். அது ஐ.பீ.எம். கணினியில் ஓடியது. அந்த முதல் வருடத்திலேயே நிறுவனத்தின் விற்பனை 53 மில்லியன் டொலர். இரண்டு வருடங்களில் விசிகல்க்கை உருவாக்கிய நிறுவனத்தையே லோட்டஸ் வாங்கி, விசிகல்க்கை நிறுத்திவிட்டது.

லோட்டஸில் வரைபு போடுவது இப்படி: கிடை அச்சுக்கு ஒரு வீச்சு, கோடுகளுக்கு ஆறு வீச்சுகள் வரை. கொடுத்துவிட்டு எஃப்10 விசையை அழுத்தினால் திரையில் வரைபு வரும். கலத்தில் எண்ணை மாற்றி மறுபடி அழுத்தினால் வரைபும் மாறியிருக்கும். பிளேபெயருக்கு ஒரு பதிப்பு தேவைப்பட்ட வேலை ஒரு விசை அழுத்தத்தில் முடிந்தது. இங்கேதான் கண் ஏமாறத் தொடங்கியது. உள்ளே இருக்கும் எண் மாறினால் வரைபு மாறுகிறது. அதைப் பார்த்தவர், கீழே ஒரு நிரை கூடினாலும் மாறும் என்று நினைத்தார். அது மாறாது.

லோட்டஸில் வந்த இன்னொரு நல்ல விடயம், வீச்சுக்குப் பெயர் வைப்பது. "பீ 2 முதல் பீ 41 வரை" என்று எழுதுவதற்குப் பதிலாக "புள்ளிகள்" என்று ஒரு பெயர் கொடுத்து, சூத்திரத்தில் அந்தப் பெயரையே எழுதலாம். வாசிக்க இலகு. பிழை குறைவு. ஆனாலும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது அதே பழைய தொடக்கமும் முடிவும்தான்.

அந்தக் காலத்துக் கணக்காளர்கள் ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். எண்களுக்குக் கீழே கூட்டுத்தொகைக் கோடுபோல ஒரு நிரையில் வெறும் கோடுகளை அடித்து, அந்த நிரையையும் வீச்சுக்குள் சேர்த்துவிடுவார்கள். புதிய நிரையை எப்போதும் அந்தக் கோட்டுக்கு மேலே செருகுவார்கள். வீச்சின் நடுவில் ஒரு நிரையைச் செருகினால் வீச்சு தானாக நீளும். அதற்கு வெளியே கீழே எழுதினால் நீளாது. இந்த விதி இன்றைய எக்செல்லிலும் அப்படியே இருக்கிறது. புதிய பிள்ளையின் பெயரைக் கடைசியில் அடிக்காமல், இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் ஒரு நிரையைச் செருகி அடித்தால் வரைபில் சேர்ந்துவிடும். ஆனால் இடாப்பின் ஒழுங்கு குழம்பிவிடும். இந்த உபாயம் தெரியாத ஒருவர் கோப்பைக் கையில் எடுத்த நாளில் எல்லாம் போச்சு.

*பெயருக்குள் ஒரு சூத்திரம்*

மைக்ரோசொப்ட் எக்செல் 1985இல் மெகின்டொஷ் கணினிக்கு வந்தது. 1987இல் விண்டோஸுக்கு வந்தது. மெல்ல மெல்ல லோட்டஸின் இடத்தைப் பிடித்தது. எக்செல்லில் ஒரு பெயருக்குப் பின்னால் கல முகவரிதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு சூத்திரத்தையும் வைக்கலாம். அந்தச் சூத்திரம் ஒரு வீச்சைத் திருப்பிக் கொடுத்தால் எக்செல் அதை வீச்சாகவே ஏற்றுக்கொள்ளும்.

இந்தக் கதவின் வழியாக ஒரு தந்திரம் பிறந்தது. முடிவை நாங்கள் சொல்லாமல், "எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீயே எண்ணி, அத்தனை நிரைகளை எடுத்துக்கொள்" என்று கணினிக்குச் சொல்வது.

செய்முறை இதுதான். "ஏ" நிரலில் பெயர்கள், "பீ" நிரலில் புள்ளிகள், முதலாம் நிரையில் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் போர்மியூலாஸ் பட்டியில் நேம் மனேஜரைத் திறந்து "புள்ளிகள்" என்று ஒரு புதிய பெயர் கொடுங்கள். அதன் கீழ்ப்பெட்டியில் "ஓப்செட்" சார்பை எழுத வேண்டும். அதற்கு ஐந்து விடயங்களைச் சொல்ல வேண்டும். எந்தக் கலத்திலிருந்து தொடங்குவது: பீ 2. எத்தனை நிரைகள் கீழே நகர்வது: பூச்சியம். எத்தனை நிரல்கள் வலப்பக்கம் நகர்வது: பூச்சியம். எத்தனை நிரைகள் உயரம்: இங்கே எண்ணை எழுதாமல் "கவுண்ட்-ஏ" சார்பால் ஏ நிரலை எண்ணச் சொல்லி, தலைப்புக்காக ஒன்றைக் கழியுங்கள். எத்தனை நிரல்கள் அகலம்: ஒன்று. கல முகவரிகளுக்கு டொலர் குறி போட மறக்க வேண்டாம். பிள்ளைகள் படிக்கும் தனிக் கல முகவரி அதுதான்.

இரண்டாவதாக, "மாணவர்" என்று இன்னொரு பெயர். அதே ஓப்செட் சார்பு. தொடக்கம் "புள்ளிகள்" என்ற பெயர், கீழே பூச்சியம், பக்கவாட்டில் மறை ஒன்று. அதாவது அதே உயரம், ஒரு நிரல் இடப்பக்கம்.

மூன்றாவதாக, வரைபின் மேல் வலது சொடுக்கி, தரவைத் தெரிவுசெய்யும் பெட்டியைத் திறந்து, பெறுமானங்கள் இருக்கும் இடத்தில் கோப்பின் பெயர், ஆச்சரியக்குறி, "புள்ளிகள்" என்று எழுதுங்கள். அச்சின் பெயர்களுக்கு அதேபோல "மாணவர்". சூத்திரத்தை நேரடியாக வரைபுக்குள் எழுத முடியாது, எக்செல் ஏற்காது. பெயராக வைத்தால் ஏற்கும். அதனால்தான் "பெயரிட்ட" இயங்கு வீச்சு.

இனி 42ஆம் நிரையில் ஒரு பெயரை அடித்ததும் எண்ணிக்கை ஒன்று கூடும், வீச்சு ஒரு நிரை நீளும், வரைபில் ஒரு சலாகை கூடும்.

இங்கே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். எண்ணுவதற்குப் பெயர் நிரலைக் கொடுக்கச் சொன்னேன், புள்ளி நிரலைக் கொடுக்கச் சொல்லவில்லை. ஏன்? கவுண்ட்-ஏ சார்பு வெற்றுக் கலங்களை எண்ணாது. பரீட்சைக்கு வராத ஒரு பிள்ளையின் புள்ளிக் கலம் வெறுமையாக இருந்தால் எண்ணிக்கை ஒன்று குறையும். அப்போது வீச்சு ஒரு நிரை சுருங்கும். விடுபடப்போவது வராத பிள்ளை இல்லை, கடைசி நிரையில் இருக்கும் பிள்ளை. நடுவில் ஒருவர் வராததற்கு ஓரத்தில் இருப்பவர் விலை கொடுக்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் புள்ளி இல்லாமல் போகலாம், பெயர் இல்லாமல் போகாது. ஆகவே பெயரை எண்ணுங்கள்.

ஓப்செட் சார்புக்கு ஒரு குறை உண்டு. தாளில் எங்கே எதை மாற்றினாலும் அது மறுபடியும் கணிக்கப்படும். சிறிய கோப்பில் தெரியாது, பெரிய கோப்பில் கணினி இழுபடும். அப்படியான இடத்தில் "இன்டெக்ஸ்" சார்பைப் பயன்படுத்தலாம். பீ 2 என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, பீ நிரலில் கடைசிப் பெயருக்கு நேரே உள்ள கலத்தை இன்டெக்ஸ் கண்டுபிடித்துக் கொடுக்கும்படி செய்வது. வேலை ஒன்றுதான்.

*விடுபட்ட ஐந்து நாடுகள்*

ஒரு வகுப்பில் மூன்று பிள்ளைகள் விடுபடுவது சின்ன விடயம் என்று யாரும் நினைக்கலாம். இதே பிழை உலகப் பொருளாதாரத்தின் பெரிய விவாதம் ஒன்றின் நடுவிலேயே நடந்திருக்கிறது.

2010இல் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரொகோப் என்ற இரண்டு பேர்பெற்ற பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் அரச கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 வீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி மிகவும் குறைந்துவிடுகிறது என்பது அதில் அதிகம் பேசப்பட்ட முடிவு. அந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மறை 0.1 வீதம் என்று அது காட்டியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரச செலவை வெட்ட வேண்டும் என்று வாதிட்டவர்கள் அதை எடுத்துக் காட்டினார்கள். அரச செலவு என்பதில் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் அடங்கும்.

மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹேர்ண்டன் என்ற பட்டப்பின்படிப்பு மாணவர், வகுப்பு ஒப்படைக்காக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார். அதே விடை வரவில்லை. கட்டுரை ஆசிரியர்களிடமே விரிதாளைக் கேட்டார், அவர்களும் அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் 20 நாடுகள் 30ஆம் நிரையிலிருந்து 49ஆம் நிரை வரை இருக்கின்றன. சராசரி எடுத்த சூத்திரமோ 44ஆம் நிரையில் நின்றுவிட்டது. கடைசி ஐந்து நிரைகளில் இருந்த டென்மார்க், கனடா, பெல்ஜியம், ஒஸ்திரியா, அவுஸ்திரேலியா ஐந்தும் கணக்கில் இல்லை.

2013 ஏப்ரலில் ஹேர்ண்டன் தன் ஆசிரியர்களான மைக்கல் ஆஷ், ரொபர்ட் பொலின் ஆகியோரோடு சேர்ந்து இதை வெளியிட்டார். அவர்கள் திருத்திய கணக்கில் அதே சராசரி 2.2 வீதம். நியாயமாகச் சொல்வதானால், இந்த வித்தியாசம் முழுவதும் விரிதாள் பிழையால் வந்ததல்ல. அதன் பங்கு 0.3 வீதப் புள்ளி அளவுதான். சில நாடுகளின் சில வருடங்கள் சேர்க்கப்படாததும், நாடுகளுக்கு நிறை கொடுத்த முறையும்தான் பெரிய பங்கு. மூல ஆசிரியர்கள் விரிதாள் பிழையை ஏற்றுக்கொண்டார்கள். கடன் கூடினால் வளர்ச்சி குறையும் என்ற தங்கள் பொதுவான முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த விவாதம் இன்னும் நடக்கிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. கட்டுரை வெளிவந்து மூன்று வருடங்கள் உலகமே அந்த எண்ணைப் பேசியது. வீச்சின் முடிவைப் பார்த்தது கோப்பைத் திறந்த ஒரு மாணவர்.

*65,536*

வீச்சுக்கு நாங்கள் வைக்கும் விளிம்பு ஒன்று. தாளுக்கே ஒரு விளிம்பு இருக்கிறது, அது இரண்டாவது.

விசிகல்க்கில் 254 நிரைகள் என்று சொன்னேன். எக்செல் 97இல் 65,536 நிரைகள். 2007இல் அது 1,048,576 ஆனது. ஆனால் பழைய கோப்பு வடிவத்தில் சேமித்தால் பழைய எல்லைதான்.

கொவிட் காலத்தில், 2020 ஒக்டோபரில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் ஓர் அறிவிப்புச் செய்தது. செப்டம்பர் 25இலிருந்து ஒக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கில் சேரவில்லை. ஆய்வுகூடங்கள் அனுப்பிய தரவு பழைய வடிவ எக்செல் கோப்புகளில் ஏற்றப்பட்டிருந்தது. ஒருவருக்குப் பல நிரைகள் தேவைப்பட்டதால் 65,536 நிரைகள் சீக்கிரம் நிரம்பிவிட்டன. அதற்குப் பிறகு வந்தவை உள்ளே போகவில்லை. அந்த நோயாளிகளுக்குத் தங்கள் முடிவு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலை தாமதமானது. தொற்று வேகமாக ஏறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வரைபோ அந்த வேகத்தைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

இயங்கு வீச்சாலும் இந்த விளிம்பைத் தாண்ட முடியாது. தாளில் இருப்பதை எல்லாம் அது எண்ணும். தாளுக்குள் வராததை எண்ணாது. ஆகவே வரைபு வளர்கிறது என்று திருப்திப்படுவதோடு, மூலப் பதிவேட்டில் எத்தனை பேர் என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

*அட்டவணை வந்த பிறகு*

பயனர்கள் சூத்திரத்தால் செய்துகொண்டிருந்த தந்திரத்தை மென்பொருளே செய்யத் தொடங்கியது. எக்செல் 2003இல் "லிஸ்ட்" என்ற வசதி வந்தது. 2007இல் அது "டேபிள்" ஆக வளர்ந்தது. தரவுக்குள் ஒரு கலத்தைத் தெரிவுசெய்து, கொன்ட்ரோல் விசையோடு டீ எழுத்தை அழுத்தினால் முழுப் பட்டியலும் டேபிள் ஆகிவிடும். அதன் கீழே ஒட்டினாற்போல ஒரு பெயரை அடித்தால் டேபிள் தானாக நீளும், அதிலிருந்து போட்ட வரைபும் நீளும். சூத்திரமே தேவையில்லை. சாதாரண வகுப்புப் பட்டியலுக்கும் சந்தாப் பட்டியலுக்கும் இதுவே போதும். சூத்திரத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் இதைச் செய்யுங்கள்.

அப்படியானால் பெயரிட்ட இயங்கு வீச்சு எதற்கு? டேபிள் எல்லாவற்றையும் காட்டும். சில நேரம் ஒரு பகுதி மட்டும் வேண்டும். பள்ளிவாசல் சந்தாவில் கடைசி 12 மாதங்களை மட்டும் காட்ட விரும்பினால், ஓப்செட் சார்பைக் கடைசி நிரையிலிருந்து பின்னோக்கி 12 நிரைகள் எடுக்கச் சொல்லலாம். மாதம் மாதம் அந்தச் சாளரம் தானாக நகரும். 2018இல் மைக்ரோசொப்ட் அறிவித்த இயங்கு அணிகளால், நிபந்தனைக்கு உட்பட்டவர்களை மட்டும் ஒரே சூத்திரத்தால் பிரித்தெடுக்கவும் முடிகிறது. அதை வரைபில் சேர்க்கவும் பெயர் கொடுப்பதுதான் நம்பகமான வழி. ஆனால் ஒரு பகுதியை விடுகிறீர்கள் என்றால் அதை வரைபின் தலைப்பில் எழுதுங்கள். பிளேபெயரின் நூலில் வருடம் அச்சாகியிருந்ததுபோல, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

*பதிவேடு யாரோடு முடிகிறது*

இந்தக் கேள்வி கணினியோடு வந்த கேள்வி இல்லை. உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் பைத்துல் மாலிலிருந்து கொடுப்பனவு பெறுவோரின் பெயர்களை எழுதிய "தீவான்" என்ற பதிவேடு உருவாக்கப்பட்டது. வரலாற்று நூல்களில் ஓர் அறிவிப்பு வருகிறது, நீங்களும் பயான்களில் கேட்டிருப்பீர்கள். பால் மறந்த குழந்தைக்குத்தான் கொடுப்பனவு என்று ஆரம்பத்தில் விதி இருந்தது. ஓர் இரவு ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு உமர் (ரழி) அவர்கள் தாயிடம் விசாரித்தார்கள். கொடுப்பனவு கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்தத் தாய் குழந்தைக்கு நேரத்தோடேயே பாலை மறக்கடித்துக்கொண்டிருந்தாள். அதை அறிந்து அவர்கள் மிகவும் வருந்தி, பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுப்பனவு உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள்.

பட்டியல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வைத்த ஒரு விதி, ஒரு வீட்டில் ஒரு குழந்தையைப் பட்டினி போட்டது. விதியை வைத்தவரே நேரில் கேட்டறிந்து அதை மாற்றினார். எங்கள் கையில் இருக்கும் விரிதாளும் அந்தப் பதிவேட்டின் வரிசையில் வருவதுதான். புள்ளி குறைந்த பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வைப்பதும், உலர் உணவுப் பொதி யாருக்கு என்பதும் அதைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. கடைசி நிரையில் இருப்பவர் அதில் இல்லையென்றால், அவரைப் பற்றி யாரும் கெட்ட எண்ணத்தோடு முடிவெடுக்கவில்லை. அவரைப் பற்றி முடிவே எடுக்கப்படவில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு முன்பு, கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் இந்த மூன்றையும் செய்யட்டும். ஐந்து நிமிடம் போதும்.

ஒன்று: வரைபின் ஒரு கோட்டையோ சலாகையையோ ஒருமுறை சொடுக்குங்கள். அது எடுத்துக்கொண்ட கலங்களைச் சுற்றி எக்செல் நிறப் பெட்டி காட்டும். அந்தப் பெட்டியின் கீழ் ஓரம் கடைசிப் பெயரைத் தாண்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு: பட்டியலின் கடைசியில் "சோதனை" என்று ஒரு பெயரை அடித்து, 100 புள்ளி போடுங்கள். வரைபில் வந்தால் சரி, அழித்துவிடுங்கள். வராவிட்டால் மேலே சொன்ன டேபிளையோ பெயரிட்ட வீச்சையோ செய்யுங்கள்.

மூன்று: வரைபின் தலைப்பில் ஆட்களின் எண்ணிக்கையை எழுதுங்கள். "தரம் 9, 43 மாணவர்கள்" என்று இருந்தால், இடாப்பைத் தெரிந்த யாராவது ஒருவர் எழும்பி "45 அல்லவா?" என்று கேட்க முடியும். கொப்பி வாசித்த காலத்தில் பின்வரிசைக்கு இருந்த அந்த உரிமை திரும்பவும் கிடைக்கும்.

பாடசாலை, பள்ளிவாசல், ஸகாத் குழு, ஜனாஸா நலன்புரிச் சங்கம் என்று எந்தக் கோப்பாக இருந்தாலும் செய்து பார்க்க உதவி தேவைப்பட்டால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நேரம் இருக்கிறது. மடிக்கணினியைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.